கடல் பக்கத்துக் கால்

15.03.2016, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பஹ்மிதாவுக்கு இடது முழங்காலில் நோவு என்று எழுதியிருக்கிறேன். வலது முழங்கால். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு நேர் எதிரே இருந்தாள். என் இடப் பக்கத்தில் தெரிந்த காலை அவளுடைய இடது கால் என்று எழுதிவிட்டேன்.

பிழையைச் சுரண்டி அழிக்க வேண்டாம், கீழே சரியானதை எழுதுங்கள், அப்போதுதான் எங்கே தவறுகிறோம் என்று தெரியும் என்று மர்ஸூக் சேர் சொல்வார். அவர் பின்னேர வகுப்பில் எங்களுக்குச் சிங்களம் படிப்பிக்கிறார். ஒவ்வொரு நாளும் சிங்களத்தில் ஐந்து வரி நாட்குறிப்பு எழுத வேண்டும். நான் முதலில் தமிழில் எழுதிப் பிறகு மாற்றுகிறேன். தமிழ் இரண்டு மூன்று பக்கம் போய்விடுகிறது. சிங்களம் ஐந்து வரியோடு நின்றுவிடுகிறது.

நேற்றைய விசயத்தை இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

பஹ்மிதா எங்கள் பக்கத்து வீடு. எங்கள் குடும்பம் குறிஞ்சிப்பிட்டியில் எப்போதிருந்து இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அவர்கள் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். ஆனாலும் கடையில் யாராவது கேட்டால் "மன்னார் ஆக்கள்ட புள்ள" என்றுதான் சொல்வார்கள். அவளுடைய வாப்பா பதுர்தீன் மாமா சின்ன லொறியில் ஐஸ் பெட்டி வைத்து, கடற்கரையில் மீன் எடுத்துச் சிலாபம் வரைக்கும் கொண்டுபோய் விற்கிறார். உம்மா மர்ளியா மாமி வெங்காயத் தோட்டங்களுக்கு வெங்காயம் பிடி கட்டிக் கொடுக்கிறார். அவள் ஒரே பிள்ளை. வயது இருபது.

அவள் ஓடுகிறவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாகாணத்தில் மூன்றாவதாக வந்தாள். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, ஜனவரியில் கடிதம் வந்தது. ஜூன் இரண்டாம் திகதி செய்முறைத் தேர்வு. அதில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டமும் உண்டு. அவளுடைய பரீட்சைப் பெறுபேற்றுக்கு இந்த ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள், அடுத்த வருசம் செல்லாது. நான் பகலில் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையில்தான் அந்தக் கடிதத்தைக் கொப்பி எடுத்தார்கள். ஆறு கொப்பி. ஏன் ஆறு என்று பதுர்தீன் மாமாவுக்கும் தெரியவில்லை. ஒன்றை லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அவள் ஓடுவது இப்படி. சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வருவதற்கு முன் எங்கள் கரையிலிருந்து தெற்கே புறப்படுவாள். கரையை ஒட்டிய, சரளை போட்ட கிறவல் பாதையில் மாமா லொறியை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் போவார். தென்னைகள் மறைக்கும் இடங்களில் ஒரு தரம் ஹோர்ன் அடிப்பார். அவள் டோர்ச்சை ஒரு தரம் காட்டுவாள். ஐந்தரைக் கிலோமீற்றர் போனால், படகும் வலையும் வைத்திருக்கும் சவிரிமுத்துச் சம்மாட்டியின் வாடி. முன்பெல்லாம் பாதி வழியில் லொறியில் ஏறிவிடுவாள், கடிதம் வந்த பிறகு வாடிவரைக்கும் ஓடினாள். மீனவர்கள் பருவத்துக்கு வந்து தங்கும் கொட்டில்கள் அவை. அங்கே ஆறு மணிக்கு மீன் ஏலம். மாமா மீன் எடுக்கும்வரை அவள் வாடியில் பிளேன்டீ குடிப்பாள். பிறகு இருவரும் லொறியில் வீட்டுக்கு வருவார்கள்.

திரும்பி ஓடி வருவது கிடையாது. அந்த நேரம் விடிந்துவிடும். கரைவலைக் கயிறுகள் மணலுக்குக் குறுக்கே இழுபட்டுக் கிடக்கும். கயிற்றுக்கு முப்பது நாற்பது ஆம்பிளைகள் நிற்பார்கள். அதற்குள்ளால் பிள்ளையை ஓடவிட மாமாவுக்கு மனமில்லை. மர்ளியா மாமிக்கு அவள் இருட்டில் ஓடுவதே விருப்பமில்லை.

போன புதன்கிழமை வாடியில் லொறியில் ஏறக் காலைத் தூக்கியவளுக்கு ஏறமுடியவில்லை. அதற்கு முன் ஒரு மாதமாக நோவு இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். பிசியோ மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. "எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மீன் விக்கிற சிங்களம் மகள். ஆஸ்பத்திரிக்குச் சரிவராது. நீங்க படிக்கிறீங்கதானே" என்றார் மாமா. நான் அகராதியும் கொண்டுபோனேன்.

மிஸ் முழங்கால் சிரட்டைக்குக் கீழே பெருவிரலால் ஓர் இடத்தை அழுத்தினார். பஹ்மிதா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரட்டையைக் கீழெலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் நாண் அது, அறுந்துபோகவில்லை, இழை இழையாக நைந்திருக்கிறது என்று மிஸ் சொன்னதை நான் சொன்னேன். சும்மா இருந்தாலும் ஆறாது, கூடுதலாக வேலை கொடுத்தாலும் ஆறாது.

"கரைவலக் கயிறு மாதிரிதான்" என்றார் மாமா. "இழுத்துக்கொண்டே இருந்தா அறும். குவிச்சுப் போட்டு வச்சா உக்கும்."

அதை நான் மிஸ்ஸுக்குச் சொன்னபோது அவர் சிரித்து, அதேதான் என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டோம். குறைந்தது பன்னிரண்டு கிழமை. நான் விரலில் எண்ணினேன். ஜூன் இரண்டுக்குப் பதினொரு கிழமையும் மூன்று நாளும் இருக்கிறது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பஹ்மிதா தானே சொல்லிவிட்டாள்.

24.03.2016, வியாழன்

மிஸ் கொடுத்த பயிற்சி சுவர் இருக்கை: சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமல் கதிரையில் இருப்பதுபோல் நாற்பத்தைந்து விநாடி. ஐந்து தரம், காலையும் மாலையும். நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். எழுதுவது என் வேலை.

குசினிச் சுவரில் அவள் சாய்ந்திருப்பாள். எதிரே பலகையில் மர்ளியா மாமி வெங்காயத் தாளை முறுக்கிப் பிடி கட்டிக்கொண்டிருப்பார். விநாடி எண்ணுவதை மாமி எடுத்துக்கொண்டார். ஸுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று தரம். நான் தொலைபேசியில் பார்த்தேன். சாதாரணமாக நாற்பத்தொரு விநாடி வருகிறது. கோபத்தில் இருந்தால் இருபத்தொன்பது. இன்று காலை முதல் தரம் இருபத்தொன்பது. கோபத்துக்குக் காரணம் எண்ணெய். முந்தலில் ஒரு சிங்கள வைத்தியரிடம் மாமி வாங்கி வைத்திருந்த முறிவெண்ணெயைத் தேய்க்க வேண்டாம் என்று பஹ்மிதா சொல்லிவிட்டாளாம்.

"அந்த மிஸ் ஒன்னும் தராம சுவத்துல இரிக்கச் சொல்றா. அதுக்கு ஆஸ்பத்திரியா? பள்ளிக்கூடத்துல படிக்காத புள்ளைக்குக் குடுக்கிற தண்டன."

"உம்மா, எண்ணுங்க."

"எண்ணிட்டுத்தான் இரிக்கேன். பொம்புளப் புள்ள இருட்டுல கடலோட ஓடினா இப்படித்தான் வரும்."

"கால் நோகுது, உம்மா. கத வேணாம்."

கடைசியில் மாமி முப்பத்து மூன்றோடு நிறுத்தாமல் இன்னும் நாலைந்து சேர்த்து எண்ணினார். நாற்பத்தாறு. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது.

தொழுகைதான் கஷ்டம். முழங்காலை மடித்து, நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்ய முடியாது. எங்கள் வீட்டு நீலப் பிளாஸ்டிக் கதிரையைக் கொடுத்திருக்கிறோம். அவள் அதில் இருந்து தொழுகிறாள். மாமி பக்கத்தில் நிலத்தில். கதிரையில் இருந்து தொழுவது வயதானவர்களுக்கு என்றுதான் நாங்கள் பார்த்திருக்கிறோம். யாராவது வீட்டுக்கு வந்தால் பஹ்மிதா கதிரையைத் தூக்கிக் குசினிக்குள் வைத்துவிடுகிறாள்.

03.04.2016, ஞாயிறு

மூன்றாம் கிழமையிலிருந்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். சனி, ஞாயிறுகளில் காலையிலும் மற்ற நாட்களில் கடைக்குப் போகுமுன்னும் நானும் கூடப் போகிறேன். எங்கள் கரையிலிருந்து தெற்கே, உடைந்த வள்ளம் கிடக்கும் இடம்வரை போய்த் திரும்ப இருபது நிமிடம்.

மிஸ் நடை முடிந்ததும் ஓர் எண் எழுதச் சொன்னார். நான் இரண்டு பத்தி போட்டேன், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தேவையில்லாத வேலை என்று எனக்கே பட்டது. ஐந்து நாள் எண்கள் இவை. போகும்போது 3, 3, 2, 3, 3. வரும்போது 1, 1, 0, 1, 1.

கால் சூடாகிய பிறகு நோவு குறையும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதனால்தான் திரும்பும்போது குறைகிறது என்று நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்தது. இன்று வடக்கே போய்த் திரும்புவோம் என்றேன்.

வடக்கே போகும்போது 1. தெற்கே திரும்பி வரும்போது 3.

நான் நின்று எங்கள் காலடிகளைப் பார்த்தேன். ஓடக்கூடிய இறுகிய மணல் அலை வந்து போகும் ஈர ஓரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஓரம் கடலுக்குள் சரிந்தே கிடக்கிறது. தெற்கே நடக்கும்போது கடல் வலப் பக்கம். வலது கால் ஒவ்வொரு அடியிலும் இடது காலைவிடக் கீழே போகிறது. வலது காலடிதான் ஆழம், அதுவும் வெளிப்பக்கம் சரிந்து. வடக்கே திரும்பினால் கடல் இடப் பக்கம் வந்துவிடுகிறது.

அவள் இரண்டரை வருசமாகத் தெற்கே மட்டும் ஓடினாள். திரும்பியது லொறியில்.

நான் சொல்லி முடித்ததும் பஹ்மிதா ஈர மணலில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். மேட்டுப் பக்கத்து இடது முழங்கால் மட்டும் சற்று மடிந்து நின்றது.

"சரிதான்" என்றாள்.

"எனக்கு நிச்சயமில்ல. நான் டொக்டர் இல்ல."

"சரிதான்டி. எனக்குத் தெரியுது." பிறகு, "வாப்பாக்குச் சொல்லாத" என்றாள்.

"ஏன்?"

"அவர் என்னப் பாத்துக்கிறதுக்கு வேறென்ன செஞ்சிரிக்கார்? இது ஒன்னுதான். ஒவ்வொரு நாளும் பின்னாலயே வந்து, ஏத்திக்கிட்டு வந்து... அதாலதான் கால் போச்சுன்னு சொன்னா அவருக்கு என்ன மிஞ்சும்?"

சொல்லமாட்டேன் என்றேன். சிங்கள நாட்குறிப்பில் இன்று வானிலையைப் பற்றி ஐந்து வரி எழுதினேன்.

11.04.2016, திங்கள்

இன்று நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மிஸ் என் அட்டவணையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். பிறகு பஹ்மிதாவைப் பார்த்து, எப்போதும் ஒரே பக்கம் கடல் இருக்கவா ஓடினீர்கள், ஏன் திரும்பி ஓடி வருவதில்லை என்று கேட்டார். பஹ்மிதாவுக்கும் சிங்களம் கொஞ்சம் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் லொறி விசயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். மாமா சுவரோரம் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மிஸ் அவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். கடிதம் வந்தவுடன் தூரத்தை இரண்டு மடங்காக்கியது ஒரு காரணம். தினமும் சரிவில் ஒரே பக்கமாக ஓடியது இன்னொரு காரணம். கீழே போகிற கால்தான் கெட்டிருக்கிறது. இனி ஓடினால் போவதும் வருவதுமாக ஓட வேண்டும். தகப்பனிடம் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

நான் சொன்னது இது: "அட்டவண நல்லா இரிக்காம், மாமா. தூரத்தக் கெதியாக் கூட்டினதுதான் பிழையாம். கால் நல்லா ஆறிட்டு வருதாம்."

"ஆ, சரி" என்றார் மாமா. மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சொன்னது நீளம் போதவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

இந்த முறை புதிதாக ஒரு பயிற்சி, சரிவான பலகையில் குதியை உயரமாக வைத்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கி எழுவது. பலகையை மீன் பெட்டிச் சட்டத்தில் தானே செய்து தருவதாக மாமா சொன்னார்.

திரும்பி வரும்போது பாலாவியில் உப்பு வயல்களுக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தி மூன்று பிளேன்டீ வாங்கி வந்தார். உப்பை அம்பாரமாகக் குவித்துத் தென்னோலைக் கிடுகு போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். மாமா தன் கிளாஸைக் குடித்து முடித்தார்.

"மகள்" என்றார் என்னிடம். "மிஸ் சொன்னதுல பாதிய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

நான் பஹ்மிதாவைப் பார்த்தேன்.

"கடல். கால். போறது. வாறது. இந்த நாலு சொல்லும் மீன் சிங்களந்தான். நான் இருபது வருசமா சிலாபத்துல அதத்தானே கதைக்கிறேன்."

"வாப்பா, நான் தூரத்தக் கூட்டினதுதான் கூடப் பிழ" என்றாள் பஹ்மிதா. "முழங்கால் நோகக்குள்ள சொல்லாததும் நான்தான்."

"இரிங்க புள்ள." அவர் கிளாஸைக் கவிழ்த்துத் தேயிலைத் தூளை வெளியே தட்டினார். "ரெண்டர வருசம். நான் பின்னால வசதியா இருந்து ஹோர்ன் அடிச்சிக்கிட்டு வந்தேன். புள்ள ஒரு கால்ல நொண்டிக்கிட்டு முன்னால ஓடிரிக்கு. லொறியில ஏத்தக்குள்ளயாவது பாத்தேனா?"

வீட்டுக்கு வந்து இறங்கும்போது முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த கடிதக் கொப்பியை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டம் போதும்" என்றார். "தொழுறதுக்கு மடிஞ்சாப் போதும் அந்தக் கால்."

15.04.2016, வெள்ளி

கடை பெருநாள் விடுமுறைபோலப் பூட்டியிருக்கிறது. சிங்களத் தமிழ்ப் புத்தாண்டு. வகுப்பும் இல்லை. அதனால் பார்க்க நேரம் கிடைத்தது.

மாமா பலகையைச் செய்து கொடுத்திருக்கிறார். சொன்ன வாக்கு அது. உப்பும் மீனும் மணக்கிற நல்ல கனமான பலகை. ஆனால் அவள் அதில் ஏறவில்லை. சுவரிலும் சாயவில்லை. உம்மாவுக்கு எதிரே இன்னொரு பலகை போட்டு வெங்காயம் பிடி கட்டுகிறாள். அவள் கட்டும் பிடிகள் உம்மாவுடையதைவிடச் சிறியவை. மாமி ஒவ்வொன்றாக எடுத்து அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறார்.

எண் கேட்டேன்.

"எழுதாத" என்றாள்.

அட்டவணையில் நான்கு நாள் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. நான் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் இப்படி ஆனதா, எழுதியே இருக்கக்கூடாததை எழுதியதால் ஆனதா என்று யோசித்தேன். எழுதாமலே இருந்திருந்தால் அவள் கால் ஆறிய பிறகு மறுபடி தெற்கே ஓடியிருப்பாள். அது இதைவிட நல்லதா? விடை தெரியவில்லை.

22.04.2016, வெள்ளி

ஜும்ஆ முடிந்த பிறகு உம்மா கொடுத்த சீனிச் சம்பலைக் கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். பாறை மீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும். அந்தப் பாறை சவிரிமுத்துச் சம்மாட்டி கொடுத்தனுப்பியது. வாடியில் எல்லாரும் பிள்ளையைக் கேட்கிறார்களாம். அவள் எத்தனை மணிக்கு வந்து சேருவாள் என்று பிளேன்டீ பந்தயம் வைப்பது அவர்களுடைய பழக்கம். இப்போது பந்தயம் வைக்க ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னாராம். மாமா அதைச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

குசினி வாசலில் அந்தப் பயிற்சிப் பலகை இருந்தது. கழுவி வெயிலில் காய வைத்திருந்தார்கள். பஹ்மிதா அதைப் பார்த்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். கழுவியது அவளில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

மர்ளியா மாமி மாமாவின் சோற்றுக் கோப்பைக்கு ஆணம் ஊற்றினார்.

"வெள்ளன போய் அங்கயே சுபஹ் தொழுவோமே" என்றார்.

"எங்க?"

"வாடியில."

"யாரு?"

"நாம மூணு பேரும். தொழுதுட்டு அவள் அங்கரிந்து வீட்டுக்கு ஓடி வரட்டும். வெளிச்சம் வாறதுக்குள்ள வந்துரலாம். கயிறும் அப்ப போட்டிரிக்க மாட்டாங்க. நீங்க லொறியில பின்னால வாங்க. வந்து எங்கள இறக்கிட்டுத் திரும்பிப் போய் மீன எடுங்க. ஒரு நாளைக்கு இங்கரிந்து அங்க. மறு நாளைக்கு அங்கரிந்து இங்க."

மாமா பிசைவதை நிறுத்தினார். மர்ளியா மாமி ஓட்டத்தைப் பற்றி இதுவரை நல்லதாக ஒரு சொல் சொன்னதை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"ரெண்டு தரம் போய் வரணும்" என்றார் மாமா.

"போங்க. லொறிக்கு முழங்கால் நோகாதுதானே."

பஹ்மிதாவுக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறிவிட்டது. மாமி அவள் தலையில் தட்டினார். மாமா சிரிக்கவில்லை. கையைக் கோப்பையில் உதறினார்.

"இவ்வளவு லேசான விசயம்" என்றார். "எனக்கு ஏன் வரல்ல? போறதத்தான் யோசிச்சேன். திரும்பி ஓடி வாறது எனக்குத் தோணவே இல்ல. நாம ஒரு பக்கமா வந்த ஆக்கள்தானே. திரும்பிப் போன பழக்கமில்ல."

"இங்கதானே வீடு" என்றார் மாமி. "இங்க திரும்பி வாறதுக்கு என்ன பழக்கம் வேணும்?"

மாமா கை கழுவ எழுந்து போனார். போகும்போது சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். வியர்வையில் மை கலங்கியிருந்தது. பரவாயில்லை, இன்னும் ஐந்து கொப்பி இருக்கிறது என்றேன். அது தேவையில்லாத பேச்சு என்று சொன்ன பிறகுதான் பட்டது. ஆனால் மாமா திரும்பிப் பார்த்து, "அப்ப ஆறு எடுத்தது நல்லதுதான்" என்றார்.

மாலையில் பஹ்மிதா பலகையில் ஏறினாள். மூன்று தரம் பதினைந்து. எண்: 3, 3, 3. பத்து நாள் விட்டதால் கூடியிருக்கிறது. எழுதினேன்.

07.05.2016, சனி

போன திங்கட்கிழமை மிஸ் அனுமதி கொடுத்தார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு தரம். ஒருநாள் விட்டு ஒருநாள். மணலில் எவ்வளவு சமமான இடம் கிடைக்கிறதோ அங்கே. ஜூன் இரண்டுக்குள் ஆயிரத்து ஐந்நூறை ஓடி முடிக்கலாம், முன்னால் வருவதை இந்த முறை மறந்துவிட வேண்டும் என்றார். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் மாமாவுக்குச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம், சரி, அது விளங்கிச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முழங்காலை நிலத்தில் ஊன்றுவதைப் பற்றியும் கேட்டோம். நோவு மூன்றுக்குள் என்றால் செய்து பார்க்கலாம்.

எண்ணுவதற்கு நான் வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். இன்று நாலரைக்கு நால்வரும் புறப்பட்டோம். முன்னால் மூன்று பேருக்குத்தான் இடம். பஹ்மிதாவும் நானும் பின்னால் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். எங்கள் நீலக் கதிரையை மாமா கயிற்றால் கட்டியிருந்தார்.

வாடியில் இரண்டு கொட்டில்களை ஏற்கெனவே பிரித்துவிட்டார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் அவர்கள் வேறு கரைக்குப் போய்விடுவார்கள். சவிரிமுத்துச் சம்மாட்டி விளக்கோடு வந்தார். பெரிய வயிறும் மெலிந்த காலுமான மனிதர்.

"என்ன புள்ள, வந்து சேருறதுக்கு முன்னமே வந்துட்டீங்க? பந்தயத்த எப்பிடி வைக்கிறது?"

"இன்டைக்கு மற்றப் பக்கம், சம்மாட்டி" என்றாள்.

"மற்றப் பக்கமா? அப்ப நீங்க போறத்தானே பாக்கலாம். வாறத யாரு பாக்கிறது?"

"நான்" என்றார் மர்ளியா மாமி. சம்மாட்டி மாமியை இன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். விளக்கைத் தாழ்த்திக்கொண்டு சரி என்றார்.

படகுகளுக்குப் பின்னால் காற்றுப் படாத இடத்தில் இரண்டு பாய் விரித்தோம். மாமா முன்னால் நின்றார். நாங்கள் மூவரும் பின்னால். பஹ்மிதா கதிரையைப் போட்டாள். மணலில் அதன் ஒரு கால் புதைந்து பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறு கால் புதைந்தது. மாமா தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். அவள் கதிரையைத் தூக்கிப் பாய்க்கு வெளியே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

நான் அவளுக்கு வலப் பக்கம் நின்றேன். தொழுகையில் பக்கத்தில் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை. ஆனால் ஸுஜூதுக்குப் போகும்போது அவள் கை முதலில் பாயில் ஊன்றுவதும், பிறகு ஒரு முழங்கால், கொஞ்சம் சுணங்கி மற்ற முழங்கால் மணலில் அமிழ்வதும் கேட்டது. அந்தப் பக்கம் மாமி மூச்சை இழுத்ததும் கேட்டது. அது ஸுஜூது முடியும்வரை வெளியே வரவில்லை.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் அவளைப் பார்த்தேன். இரண்டு விரல் காட்டினாள்.

ஐந்து பதினைந்துக்குப் புறப்பட்டாள். கடல் இடப் பக்கம். நான் முன்னால் மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் இருந்து விநாடி பார்த்தேன். நான் "இப்ப" என்றதும் மாமா ஹோர்ன் அடிப்பார். கரையில் டோர்ச் ஒரு தரம் எரியும். ஓட்டம். அடுத்த ஹோர்னுக்கு நடை. முதல் ஒரு நிமிடத்தில் அவள் நூற்றைம்பது மீற்றர்கூடப் போகவில்லை. சின்னச் சின்ன அடி. ஓடப் பழகுகிற பிள்ளை மாதிரி இருந்தது. மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடியோடு முகத்தை வைத்திருந்தார்.

மர்ளியா மாமி தஸ்பீஹ் மணி இல்லாமல் விரலில் எண்ணினார். எனக்குத் தொலைபேசி தேவைப்பட்டிருக்காது. ஒவ்வொரு தரமும் சரியாக அறுபது.

ஆறாவது நிமிடம் முடிந்ததும் மிச்சத் தூரத்தை லொறியில் வரச் சொன்னோம். அவள் கிறவல் பாதைக்கு ஏறி வந்து, "வீட்டுக் கரைக்கு நடக்கிறேனே" என்றாள். மாமா மறுக்கவில்லை. மாமி லொறியிலிருந்து இறங்கி அவளோடு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் மெல்லப் போனோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாமி கடல் பக்கம் நடந்தார், அவள் மேட்டுப் பக்கம். வீட்டுக் கரைக்கு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கரைவலைக்காரர்கள் கயிறு இறக்க வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மாமாவுக்கு ஸலாம் சொன்னார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மாமா எங்களை இறக்கிவிட்டு மறுபடி தெற்கே போனார். ஏலத்துக்குப் பிந்திவிட்டார். சம்மாட்டி அவருக்கென்று ஒரு கூறு மீன் ஒதுக்கி வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

எண்கள்: 1, 1, 2, 1, 1, 1. நடை: 1. ஸுஜூது: 2.

கதிரை வாடியில் இருந்து லொறியில் திரும்பி வந்து அவர்கள் வாசலில் கிடக்கிறது. நாளை ஓட்டம் இல்லாத நாள். பலகையில் மூன்று தரம் பதினைந்து, அதை நான் போய் எழுத வேண்டும். அது முடிந்ததும் கதிரையை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து, கால்களுக்குள் இருக்கும் மணலைக் கழுவி வைக்க வேண்டும்.